முட்டிக்குக் கீழே வைக்கக் கூடாத குஷன்

போர்ட் ட்ரெவின்,
ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு, முற்பகல்.

என் கணவரின் மூத்த சகோதரியும், தலைமையாசிரியையாக இருந்து ஒரு நகரத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தறிவித்தவரும், என் பெருமதிப்புக்கு என்றும் உரியவருமான நாத்தனார் லொரேன் அவர்களுக்கு,

தங்கள் தம்பி டெஸ்மண்டின் மனைவி கிளெனிஸ் மிகுந்த பணிவுடன் வரைவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அதில் என் நலத்தை, இடது முழங்கால் நீங்கலாக என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டுகிறேன். அங்கே மவுண்ட் கேம்பியரில் தாங்களும், தங்கள் பூனையும், தங்களைப் பல்லாண்டு தாங்கிய வலது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அறிய ஆவல்.

தங்களுக்கும் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பதாகவும், எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்று என்னை எழுதச் சொல்லுமாறு தாங்கள் தொலைபேசியில் பணித்ததாகவும் தங்கள் தம்பி தெரிவித்தார். பட்டம் பெற்ற தாங்கள், பதினான்கு வயதில் பள்ளியை விட்டு மீன் பதனிடும் கொட்டகைக்கு வேலைக்குப் போன என்னிடம் ஒரு விளக்கம் கேட்பது இதுவே முதல் முறை என்பதால், இதை ஒரு பெரும் பொறுப்பாகவே ஏற்கிறேன். அகராதியை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை இருமுறை வாசித்தவள் நான். ஆகவே இக்கடிதத்தில் பிழை ஏதும் தென்பட்டால், அது வலி மாத்திரையின் பிழையேயன்றி என் பிழை ஆகாது. இதைத் தவிர, தங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய, ஆனால் சொல்வதற்கு மிகவும் கடினமான வேறொரு செய்தியும் உள்ளது. அதைக் கடிதத்தின் நடுப்பகுதியில், தாங்கள் அமர்ந்துகொண்ட பிறகு சொல்கிறேன்.

முதலில் அறுவை சிகிச்சை. அடிலெய்டு மருத்துவமனையில் முதுகுத்தண்டில் ஓர் ஊசி போடுவார்கள். அதன்பின் இடுப்புக்குக் கீழே தாங்கள் இருக்க மாட்டீர்கள். முழுமையாகத் தூங்க வைப்பார்கள் என்று நம்பிச் செல்ல வேண்டாம். எனக்கு அரைத்தூக்கம்தான் வாய்த்தது. முகத்துக்கு முன்னால் ஒரு திரை. திரைக்கு அப்பால் சுத்தியல், அரம், துளையிடும் இயந்திரம் ஆகியவற்றின் ஓசை. இடையிடையே ஒருவர் இன்னொருவரிடம் இதைவிடச் சிறிய அளவு இருக்கிறதா என்று கேட்கும் குரல். இவை எல்லாம் சேர்ந்து, நம் வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டிய அந்தக் கோடைகாலத்துக்கே என்னைக் கொண்டுபோய்விட்டன. வீட்டில் வேலையாட்கள் வேலை செய்யும்போது நாம் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். "எல்லாருக்கும் டீ போடட்டுமா? பால் எத்தனை பேருக்கு?" என்று உரக்கக் கேட்டேனாம். சுத்தியல் நின்றதாம். அறுவை நிபுணர் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "முடிச்சிட்டு வந்து குடிக்கிறோம் மிஸஸ் பென்பர்தி, நீங்க எந்திரிக்க வேணாம்" என்றாராம். இதை மறுநாள் அந்தப் பிரிவு முழுவதும் அறிந்திருந்தது. ஆகவே, திரைக்குப் பின்னாலிருந்து எந்த ஓசை கேட்டாலும் தாங்கள் உபசரிப்பில் இறங்காமல் இருப்பது நலம்.

அன்று மாலையே நிற்க வைத்துவிடுவார்கள். காலை இழந்தவள் போல் படுத்திருந்த என்னை, சேலா என்னும் டோங்கா நாட்டுச் செவிலி, ஒரு வாக்கரை முன்னால் நிறுத்தி, "வாங்க அம்மா, ஜன்னல் வரைக்கும் போய் மழை பெய்யுதான்னு பாத்துட்டு வரலாம்" என்று எழுப்பினார். மழை பெய்யவில்லை என்று படுக்கையிலிருந்தே தெரிந்தது. அதைச் சொன்னேன். "அப்ப வெயில பாக்கலாம்" என்றார். போனோம். உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அந்தப் புது மூட்டு என்னைத் தாங்கியது. உண்மையைச் சொன்னால், அதுவரை என் முழங்கால் செய்துவந்த வேலையைவிட அது ஒழுங்காகத்தான் செய்தது. வலித்தது மூட்டு அல்ல. அதைச் சுற்றியிருந்த நான்.

இங்கேதான் நான் முதல் தவறைச் செய்தேன். தாங்களும் அதையே செய்வீர்கள் என்று அஞ்சுவதால் விரிவாக எழுதுகிறேன். செவிலியர் வந்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். நாம் வளர்ந்த வீடுகளில் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கை உடைந்திருந்தாலும் பரவாயில்லை என்பதுதானே மறுமொழி? வேறு விதமாகச் சொல்வது பீற்றிக்கொள்வதற்குச் சமம் அல்லவா? ஆகவே நான், "இரண்டு இருக்கலாம், நன்றி. தங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். என் பக்கத்துப் படுக்கையில், ஆட்டுப் பண்ணை நடத்தும் பெவ் என்ற பெண்மணி இருந்தார். அவருக்கும் அன்றே மூட்டு மாற்றியிருந்தார்கள். அவர் என் பதிலைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணுதாம்மா" என்றார். அதன்பின் நான் இரண்டிலேயே நிற்பது எப்படி? ஒன்றரைக்கு இறங்கினேன். மாலைக்குள் இருவரும் முக்காலுக்கு வந்துவிட்டோம். முக்காலுக்கு என்ன மாத்திரை தருவார்களோ அதைத்தான் தந்தார்கள். தலைவலிக்கு வீட்டில் நாமே போட்டுக்கொள்ளும் அளவு.

சேலாதான் கண்டுபிடித்தார். என் போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"போர்வை."

"போர்வையில பல்லு பதிஞ்சிருக்கே, யாரோடது?"

நான் பெவ்வைப் பார்த்தேன். பெவ் சுவரைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல வலிச்சா கத்துவோம்" என்றார் சேலா. "பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்து கூடக் கத்துவாங்க. நீங்க என்னடான்னா ஏலம் போடுற மாதிரி குறைச்சுக்கிட்டே போறீங்க. இது மரியாதை இல்ல அம்மா, இது கணக்குத் தப்பு. வலி தெரியாம இருந்தாத்தான் காலை மடக்குவீங்க. மடக்கி நீட்டினாத்தான் கால் உங்களுது. இல்லாட்டி அது வெறும் கட்டை."

அதற்குப்பின் உண்மையான எண்ணைச் சொன்னேன். எழுத்தில் போடக் கூச்சமாக இருக்கிறது. உரிய மாத்திரை வந்தது. மறுநாள் நான் கூடத்தின் முனை வரை நடந்தேன். பெவ் அதற்கடுத்த நாள் நடந்தார். அவருக்கு உண்மை பேச மேலும் ஓர் இரவு தேவைப்பட்டது.

வீடு திரும்பிய பின் எதிர்பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணுக்காலிலிருந்து தொடை வரை, புயல் வரும் வானத்தில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையும் வரும். அஞ்ச வேண்டாம். கால் தலையணை போல் வீங்கும். இறுக்கமான காலுறையை அணிவிக்க ஒரு பலசாலி தேவை. தங்கள் தம்பி அதை எனக்கு அணிவிக்கையில், இருவரில் யார் நோயாளி என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்ல இயலாது. படி ஏறும்போது நல்ல காலை முன்னே வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கும் காலை. கழிவறையில் உயர்த்திய இருக்கை ஒன்றைப் பொருத்துவார்கள். அதில் அமரும்போது ஓர் அரசியின் உயரம் கிட்டும். ஆனால் வலி மாத்திரைகளின் பயனாக, அமர்ந்த காரியம் நடைபெறாது. உலர்ந்த பிளம் பழங்களை முன்கூட்டியே வாங்கி வைக்கவும். இதற்கு மேல் இதுபற்றி ஒரு பெண்மணி மற்றொரு பெண்மணிக்கு எழுதலாகாது. கார் ஓட்டுவதைச் சில வாரங்களுக்கு மறந்துவிடவும். தூக்கம் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலை மடக்கி நீட்டும் பயிற்சிகளைச் செய்யவேண்டும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் மூன்று முறை சொன்னது ஒன்றே ஒன்று: முழங்காலுக்குக் கீழே தலையணை கூடாது. கால் நீட்டியபடி கிடக்க வேண்டும். மடங்கிக் கிடந்தால் மடங்கியபடியே குணமாகிவிடும்.

தாங்கள் இப்போது அமர்ந்துகொள்ளலாம்.

நான் வீட்டுக்கு வந்த மாலையில், படுக்கையறையில் என்னைச் சாய்த்துவிட்டு வெளியே போன தங்கள் தம்பி, எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "அக்கா அனுப்பியிருக்கா. அவ கையாலயே தைச்சது. உன் முட்டிக்குன்னே" என்று சொல்லி, அந்தக் குஷனை என் முன்னால் நீட்டினார். கரும்பச்சைத் துணி. அதன் நடுவே மஞ்சள் நூலில் ஓர் உருவம். அது வாட்டில் பூங்கொத்தா, அலகைத் திறந்த கூழைக்கடாவா என்பதில் நானும் பக்கத்து வீட்டு ஹெதரும் இன்னும் உடன்படவில்லை. ஆனால் உழைப்பில் ஐயமில்லை. புயலில் ஒரு மீன்பிடிப் படகைக் கட்டி வைக்கத்தக்க உறுதியான தையல். பார்வை மங்கும் பருவத்தில் இத்தனை தடித்த நூலைத் தாங்கள் தேர்ந்தது விவேகம். தங்களுக்கு உடனே நன்றி எழுத முற்பட்டேன். "நான் போன்ல சொல்லிட்டேன், நீ படு" என்றார். ஆகவே என் நன்றி இத்தனை தாமதமாக, இக்கடிதத்தில் வருகிறது. அதை மனமாரச் சமர்ப்பிக்கிறேன்.

அந்தக் குஷனை அவரே என் முழங்காலுக்குக் கீழே செருகினார். லொரேன் அவர்களே, அது எத்தனை சுகமாக இருந்தது என்பதை எப்படி எழுதுவேன்! அந்த மூட்டு முதல்முறையாகப் பெருமூச்சு விட்டது. மருத்துவமனையின் சொல் நினைவுக்கு வந்தது. எடுத்துவிட வேண்டும் என்று கை நீட்டினேன். எதிரே தங்கள் தம்பி, போட்டியில் பரிசு அறிவிப்புக்குக் காத்திருப்பவர் போல நின்றுகொண்டிருந்தார். "எப்படி இருக்கு?" என்றார். "அருமை" என்றேன். என் திருமண நாளில், நான் உடுத்தியிருந்த ஆடையின் கழுத்துப்பட்டியைத் தாங்கள் தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் விட்டதிலிருந்து, தங்கள் மெச்சுதலுக்காக நான் காத்திருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்படிப்பட்ட தாங்கள் எனக்கென்றே உட்கார்ந்து தைத்த ஒன்றை, நான் எப்படி எடுத்து அப்பால் வைப்பேன்? அவர் அறைக்கு வரும்போதெல்லாம் குஷன் இருக்கிறதா என்று பார்ப்பார். நகர்ந்திருந்தால் சரிசெய்வார். இரவும் பகலும் அது என் முழங்காலின் கீழேயே இருந்தது.

இதற்கிடையே நம் ஊரின் அன்பும் வந்து குவிந்தது. புல்தரையில் பந்துருட்டும் பவுல்ஸ் கிளப்பின் பெண்கள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் ஹெதர், ஆப்ரிகாட் பழம் போட்ட கோழி கொண்டுவந்தார். நான் அதைச் சற்று மிகையாகப் புகழ்ந்துவிட்டேன். அந்தப் புகழ்ச்சி கிளப்புக்குப் போனது. அதன்பின் எல்லோரும் ஆப்ரிகாட் கோழியையே கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கி, எல்லாவற்றையும் புகழ்ந்து, எல்லாவற்றையும் ஃப்ரீசரில் அடுக்கினோம். இடம் போதாமல், தங்கள் தம்பி உறைந்த பட்டாணிப் பைகளை வெளியே எடுத்துத் தோட்டத்தில் மேயும் கோழிகளுக்குத் தீனியாகப் போட்டார். அந்தப் பட்டாணிப் பைகள்தாம் என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க வைத்திருந்தவை. அன்று பிற்பகல் மூட்டு அடுப்பாய்க் கொதித்தது. ஐஸ் கேட்டேன். அவர் கொட்டகையில் இருக்கும் பழைய ஃப்ரீசரிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து துண்டில் சுற்றி வைத்தார். மிகவும் குளிர்ச்சியாக இருந்தது. என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது தூண்டிலுக்கு இரையாக வைத்திருந்த மத்தி மீன்.

அது உருகியது. நானோ மாத்திரையின் மயக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேலும் ஒரு கோழியுடன் ஹெதர் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றார்.

"கிளெனிஸ்," என்றார், மிகவும் மெதுவான குரலில், "உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"என்ன தெரியணும்?"

"காலு... வாடை வருதும்மா."

"பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன் நான், பழக்க தோஷத்தில்.

"பரவாயில்லையா? அழுகிப் போச்சுடீ! டெஸ்! டெஸ்! எங்க போனான் இந்த மனுஷன்? உன் பொண்டாட்டி கால் போகுதுடா!"

தங்கள் தம்பி தோட்டத்திலிருந்து ஓடிவந்து, மூக்கைச் சுருக்கி, "அது மத்தி மீன், ஹெதர்" என்றார். ஹெதர் நம்பவில்லை. சீழ் வைத்த ஆட்டுக்கும் மத்தி மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான் என்று கேட்டு, கையிலிருந்த கோழியை என் துணி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, எங்கள் தொலைபேசியிலேயே ஊர்ச் சுகாதார நிலையத்தை அழைத்தார். என் கால் கறுத்துவிட்டது என்றும், நான் சிரித்துக்கொண்டே சாகிறேன் என்றும் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிறம் பற்றி அவர் பொய் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் பிரீ வந்து சேர்ந்தார். முப்பது வயதுப் பெண். எதையும் சுற்றி வளைக்காதவர். துண்டை விலக்கினார், மீனைப் பார்த்தார், தழும்பை முகர்ந்தார். "காயம் சுத்தமா இருக்கு. மீன் போயிருச்சு" என்றார். ஹெதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். எல்லாரும் சிரித்தோம். அப்போது பிரீயின் பார்வை, காலுக்குக் கீழே போனது.

"இது என்ன?"

"என் நாத்தனார் அனுப்பியது. அவர் கையாலேயே தைத்தது."

"எத்தனை நாளா இங்க இருக்கு?"

"வீட்டுக்கு வந்த நாளிலிருந்து" என்றேன். அவர் குஷனை உருவிவிட்டு, "கால நீட்டுங்க" என்றார். நீட்டினேன். நீட்டியதாகத்தான் நான் நினைத்தேன். பிரீ தன் கையை என் முழங்காலுக்கும் மெத்தைக்கும் இடையே விட்டார். கை முழுதும் உள்ளே போனது. அதற்கு மேல் காலைக் கீழே அழுத்தினால், பூட்டிய கதவை அழுத்துவது போல இருந்தது.

"இதப் பாருங்க கிளெனிஸ்," என்று பிரீ கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். "வளைஞ்ச கால் சுகமா இருக்கும். அதான் பிரச்சினை. சுகமா இருக்குன்னு விட்டா இப்படியே இறுகிப் போகும். அப்புறம் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டைன்னு நடப்பீங்க. இடுப்பு போகும், அடுத்த முட்டியும் போகும். டாக்டர் பாக்க வேண்டிய நாளுக்குள்ள இது நேராகலைன்னா திரும்ப அடிலெய்டு. மயக்கம் குடுத்து அவரே அழுத்தி நீட்டப் பாப்பாரு. அதுலயும் சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

நான் அழவில்லை. ஆனால் தங்களுக்குத் தெரியும்: தங்கள் தம்பியின் பார்வை மங்கி உரிமம் போன பிறகு, இந்த வீட்டில் கார் ஓட்டுபவள் நான் ஒருத்திதான். கடையும் மருத்துவரும் அடுத்த ஊரில். இந்தக் கால் கட்டையாகிவிட்டால், கடலோரத்தில் நாங்கள் வாழும் இந்த வாழ்க்கை முடிந்தது. நகரத்தில் யாருடைய வீட்டிலாவது ஒரு பின்னறைதான். அதை அவரும் அந்த நொடியில் உணர்ந்திருக்க வேண்டும். குஷனைத் தன் மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். முகத்தில் நிறமே இல்லை. பிரீ கிளம்பிய பின் என்னிடம், "அக்காகிட்ட இதச் சொல்லிடாத" என்று மட்டும் சொன்னார். தமக்கையின் மனம் புண்படும் என்று அத்தனை வேதனைப்படும் தம்பி தங்களுக்கு வாய்த்திருக்கிறார்.

அதற்குப்பின் நடந்ததை அறுவை சிகிச்சையைவிடக் கடினமானது என்று கூறலாம். குதிகாலை ஒரு சுருட்டிய துண்டின் மேல் வைக்க வேண்டும். முழங்காலின் கீழே வெற்றிடம். தன் எடையால் அது தானே இறங்கிக் கீழே படிய வேண்டும். அது இறங்கும்போது உள்ளே பழைய கயிறு ஒன்று இழை இழையாக அறுவது போல இருக்கும். ஒவ்வொரு வேளையும் தங்கள் தம்பி பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்வார். வலி எத்தனை என்று கேட்பார். நான் உண்மையைச் சொல்வேன். "சத்தமா சொல்லு, காது கேக்கல" என்பார். நான் கத்துவேன். அவரும் சேர்ந்து கத்துவார். முதல் நாள் ஹெதர் வேலிக்கு அப்பாலிருந்து, "யாரு யாரக் கொல்றீங்க?" என்று கேட்டார். "யாரும் யாரையும் இல்ல, பயிற்சி!" என்று இவர் பதில் கொடுத்தார். சில நாட்களில் ஹெதரும் வேலியருகே நின்று எண்ணைச் சொல்லிக் கத்தத் தொடங்கிவிட்டார். அவருக்கு வலி ஏதும் இல்லை. ஆனால் கத்துவது உடம்புக்கு நல்லதாக இருக்கிறதாம்.

போன வியாழக்கிழமை அடிலெய்டு போய் வந்தோம். ஹெதரின் மகன் கார் ஓட்டினான். வழியெல்லாம் நாங்கள் மூவரும் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினோம். நிபுணர் என்னைப் படுக்கச் சொல்லி, காலை நீட்டச் சொல்லி, தன் கையை முழங்காலுக்குக் கீழே விடப் பார்த்தார். விரல் நுனி மட்டும் போனது. இன்னும் சற்று அழுத்திப் பார்த்தார். அதுவும் வெளியே வந்துவிட்டது. "மெத்தையோட ஒட்டிடுச்சு மிஸஸ் பென்பர்தி. திரும்ப இங்க வரவேண்டிய அவசியம் இல்ல. இன்னும் ரெண்டு வாரத்துல கார் ஓட்டலாம்" என்றார். தங்கள் தம்பி நிபுணரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கியவர், விட மறந்துவிட்டார். பின் வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில், கழற்றத் தேவையே இல்லாத மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

ஆகவே, மதிப்புக்குரிய லொரேன் அவர்களே, அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் மீறி இதை எழுதத் துணிந்தேன். தங்கள் குஷன் அழகானது. அது அன்பால் தைக்கப்பட்டது. அதுவே என் காலை ஏறக்குறைய முடமாக்கியது. தங்களுக்கென்றும் ஒன்று தைத்து வைத்திருப்பீர்களோ என்ற அச்சம் என்னைத் தூங்க விடவில்லை. தங்கள் மனம் நோகாமல் இருப்பதற்காகத் தங்கள் முழங்காலை நான் பலி கொடுக்கலாகாது. தயவுசெய்து அதை முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூனைக்குக் கொடுங்கள், முழங்காலுக்கு மட்டும் கீழே வைக்காதீர்கள். யார் எது கொடுத்தாலும், வலித்தால் வலிக்கிறது என்றும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மரியாதைக்காக ஒரு பொய்யும் சொல்லாதீர்கள். இந்த வயதில் நமக்கு அது கட்டுப்படியாகாது. இப்படி எழுதியதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். இதனால் தங்களுக்கு என் மேல் வருத்தம் உண்டானால், அதை ஏற்கத் தயாராக இருக்கிறேன். தங்கள் கழுத்துப்பட்டி மௌனத்தையே இத்தனை காலம் தாங்கியவள்.

தங்கள் முழங்கால் நேராகப் படிந்து, படிகள் எல்லாம் தாழ்ந்து, செவிலியர் எல்லாம் சேலாவைப் போல் வாய்த்து, தாங்கள் நெடுநாள் நிமிர்ந்து நடக்க நான் பிரார்த்திக்கிறேன். தங்கள் தம்பியின் அன்பும், பூனைக்கு என் விசாரிப்பும் உரித்தாகுக.

என்றும் தங்கள் தம்பி மனைவியாக இருக்கும் பேறு பெற்ற,
கிளெனிஸ் பென்பர்தி.

பின்குறிப்பு: எழுதிய கடிதத்தை உறையில் இடுமுன் உரக்கப் படித்துக் காட்டுவது இந்த வீட்டு வழக்கம். அவ்வாறே படித்தேன். தங்கள் தம்பி கடைசி வரை கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. அனுப்பாத" என்றார்.

"ஏன்? நடை கடினமா?"

"நடை இல்ல. குஷன். அக்கா குஷனே தைக்கல. அவளுக்கு ஒண்ணும் புரியாது."

"பின்னே யார் தைத்தது?"

அவர் சாளரத்தைப் பார்த்தார். "நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப வீடு வெறிச்னு இருந்துச்சு. கொட்டகைல போய் உக்காந்தேன். தார்ப்பாய் ஊசி கெடந்துச்சு."

தானியக் களத்தின் தார்ப்பாய்களை முப்பதாண்டு தைத்த கை அவருடையது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்படியென்றால் நீ தைத்ததாகவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா பிரிச்சு மறுபடி தைச்சிருப்ப."

பிரித்துத்தான் இருப்பேன்.

எனவே மேற்கண்ட கடிதத்திலிருந்து என் நன்றியையும், குற்றச்சாட்டையும், மன்னிப்பு வேண்டுதலையும் அடித்துவிட வேண்டுகிறேன். மூன்றும் தங்களுக்கு உரியவை அல்ல. கழுத்துப்பட்டி பற்றியதும் தவறுதலாக உணர்ச்சிவசப்பட்டு எழுதியதே. ஆனாலும் கடிதத்தை மாற்றி எழுத மனம் வரவில்லை. அந்த அறுவை சிகிச்சைப் பத்தி போல் ஒன்றை இனி என்னால் எழுத இயலாது. முழங்கால் பற்றிய செய்திகள் மட்டும் செல்லும்.

இதை முடிக்கும் நேரத்தில் கொட்டகையில் மீண்டும் கத்தரி ஓசை கேட்கிறது. சற்று முன் உள்ளே வந்து, தங்கள் தோள் அகலம் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். எதற்கு என்றால் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆகவே, விரைவில் தங்களுக்கு ஒரு பொட்டலம் வந்து சேரும். பிரித்துப் பாருங்கள். அது என்னவென்று விளங்காவிட்டாலும், எங்கே அணிவது, எங்கே வைப்பது என்று தெரியாவிட்டாலும், அன்றே தம்பியை அழைத்து, மிகவும் அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.